கண்ணாடிக்காரர் எழுதிய முதல் மருந்துச் சீட்டு

லாக் கனார், வடக்கு ஒண்டாரியோ
12 அக்டோபர் 2010

அன்புத் தம்பி ரொசேருக்கு,

அக்கா லோரெத் எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம். என் முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் போகப் பார்க்கிறது. காட்டுக்குள் நீயும் நீ சோறு போடும் நாற்பது பேரும் எப்படி இருக்கிறீர்கள்? மரவெட்டு முகாமின் சமையல்காரனை எல்லோரும் புகழத்தான் செய்வார்கள், பக்கத்தில் வேறு கடை இல்லையே. போன தடவை நீ சுட்ட ரொட்டி ஒன்றை லாரிக்காரன் கஸ்தோன் எனக்குக் கொண்டுவந்து காட்டினான். மேட்டில் வண்டியை நிறுத்தும்போது சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க நல்லது என்றான். நான் உன் பக்கம் நின்று ரொம்ப நேரம் சிரிக்காமல் இருந்தேன்.

இந்த லாரியில் கம்பளிக் காலுறை மூன்று ஜோடி, பச்சைத் தக்காளி ஊறுகாய் நான்கு போத்தல், மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட பை ஒன்று அனுப்பியிருக்கிறேன். காலுறையைப் போடு, மற்றதைத் தின்னு. மாற்றிச் செய்துவிடாதே.

எங்கள் கண் கிளினிக்கில் ஒரு செய்தி. டாக்டர் வையான்கூர் அறுபத்தொரு வயதில் மறுபடி பள்ளிக்கூடப் பிள்ளை ஆகிவிட்டார். ஊரில் அவரை இன்னும் கண்ணாடிக்காரர் என்றுதானே சொல்கிறார்கள். கண்ணைப் பார்ப்பார், இன்ன நோய் என்று சொல்வார், மருந்து எழுத மட்டும் அதிகாரம் கிடையாது. சீட்டின் அடியில் ‘மருத்துவரிடம் காட்டவும்’ என்று எழுதிக் கொடுத்து அனுப்புவார். முப்பத்திரண்டு வருஷமாக அதே வரி. இப்போது டொரோண்டோவில் சட்டத்தை மாற்றப்போகிறார்களாம். பரீட்சை எழுதித் தேறியவர்கள், கண்ணுக்கான சொட்டு மருந்தைத் தாங்களே எழுதலாம்.

நான் முன்மேசையில் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அட்டைக் கட்டு ஒன்றைக் கையில் கொடுத்தார். மருந்தின் பெயரை நான் படிக்க வேண்டும், அது என்ன செய்யும் என்று அவர் சொல்ல வேண்டும். ஏழாம் வகுப்போடு நின்றவள் நான். முதல் பெயரைப் படித்து முடிப்பதற்குள் ஒரு நோயாளி வந்து, கண்ணாடி வாங்கி, போயே போய்விட்டார்.

அவர் பேரை எழுதினால் உனக்குப் பிடிக்காது என்று தெரியும். நீ அந்த வாசலை மிதித்து இருபத்தொரு வருஷம். அதற்காக நான் பார்க்கிற வேலையைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியுமா?

குளிருக்கு முன்னால் உடம்பைப் பார்த்துக்கொள். புனித அன்னம்மாள் உன் அடுப்படியிலும் ஒரு கண் வைத்திருக்கட்டும்.

அக்கா
லோரெத்

*

முகாம்
2 நவம்பர் 2010

அக்காவுக்கு,

சுகம். உன் முழங்காலை விசாரித்ததாகச் சொல். காலுறை வந்தது. இறைச்சிப் பை வருகிற வழியில் பாதியாகிவிட்டது. கஸ்தோன் மீசையில் மீதி இருந்தது.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், பிறகு இந்தப் பேச்சு வேண்டாம். உன் டாக்டரை நீ புகழ்ந்துகொள். 1989 பிப்ரவரியில் மரம் அறுக்கும் மில்லில் ரம்பப் பல் தீட்டும்போது என் இடது கண்ணில் இரும்புத் துணுக்கு விழுந்தது. நாலு நாள் நானாகத் துடைத்துக்கொண்டு திரிந்தேன், அது என் முட்டாள்தனம். அஞ்சாம் நாள் சனிக்கிழமை அவரிடம் போனேன். கருவிக்குள் பார்த்துவிட்டு, “சீழ் புடிக்க ஆரம்பிச்சிருச்சு, இன்னைக்கே மருந்து ஊத்தணும்” என்றார். ஊர் வைத்தியர் ஊரில் இல்லை. டிம்மின்ஸ் நகரத்துக்குப் போகும் சாலை பனிப்புயலில் மூடிக் கிடந்தது.

அவர் மேசை டிராயரைத் திறந்தார். உள்ளே ஒரு சொட்டு மருந்துப் புட்டி இருந்தது, அவர் மகளுக்கு டிம்மின்ஸ் வைத்தியர் எழுதிக் கொடுத்தது. நான் பார்த்தேன். அதில் கை வைத்தார். கையை எடுத்தார். டிராயரை மூடினார். சாலை திறக்கத் திங்கட்கிழமை ஆயிற்று. அதற்குள் என் கண் போயிற்று.

இன்று செயற்கைக் கண்ணைப் போட்டுக்கொண்டு வெங்காயம் நறுக்குகிறேன். பாதிக் கண்ணீர்தான் வருகிறது, அது ஒரு லாபம்.

சட்டம் மாறினால் என்ன, மாறாவிட்டால் என்ன. அவர் பேச்சு இல்லாமல் கடிதம் எழுது.

தம்பி
ரொசேர்

*

லாக் கனார்
21 நவம்பர் 2010

அன்புத் தம்பிக்கு,

நலம்தானே? கடிதம் வந்தது. இரண்டு தடவை படித்தேன். டிராயர் விஷயத்தை இத்தனை வருஷத்தில் இன்றைக்குத்தான் என்னிடம் சொல்கிறாய். உனக்கு என்ன பதில் எழுதுவது என்று ஒரு வாரம் தெரியவில்லை. தெரியாததால் தெரிந்ததை எழுதுகிறேன். வேண்டாம் என்றால் இந்தப் பத்தியைத் தாண்டிப் போ.

அட்டையில் உள்ள பெயர்கள் என் வாயில் நுழையவில்லை என்று டாக்டர் ஒரு சுருக்கு வழி சொன்னார். கண் மருந்துப் புட்டிகளின் மூடிக்கு நிறம் உண்டு, நிறத்தை வைத்து இனம் சொல்லலாம். அது எனக்குப் பிடித்துப்போயிற்று. சிவப்பு மூடி, கண் பாப்பாவை விரியவைக்கும். அதற்குக் கஸ்தோன் மூக்கு என்று பேர் வைத்தேன். மஞ்சள் மூடி, கண் அழுத்தத்துக்கு. அது மேயர் வீட்டுச் சுவர். இளஞ்சிவப்பு மூடி வந்தபோது டாக்டர், “லோரெத், இத மட்டும் விளையாட்டா எடுத்துக்காதீங்க” என்றார். சிவந்த கண்ணில் ஊற்றினால் சட்டென்று வெளுத்துவிடுமாம், வலியும் போய்விடுமாம். ஆனால் உள்ளே இருப்பது உதட்டுக் கொப்புளத்தைக் கொண்டுவருகிற அந்தக் கிருமி என்றால், அதற்குச் சோறு போட்டு வளர்த்ததாகிவிடுமாம். நம் பாதிரியார் வருஷத்தில் இரண்டே இரண்டு ஞாயிறுதானே இளஞ்சிவப்பு அங்கி போடுகிறார். “அப்ப இது பாதிரியார் அங்கி, டாக்டர். நினைச்சப்பெல்லாம் போடக் கூடாது” என்றேன். அவர் அட்டையின் பின்னால் அதையே எழுதி வைத்துக்கொண்டார்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் சான்ட்விச்சை ஒரு கையில் பிடித்துக்கொண்டு படிக்கிறார் மனுஷர். பேரன் எடுக்கிற வயது. மற்றவர்கள் இந்த வயதில் மீன் தூண்டிலைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, தாண்டியது போதும், இங்கே வா. குளிர் வந்துவிட்டது, வருஷா வருஷம் உன் உதட்டில் வரும் கொப்புளம் வந்ததா? யாரையும் முத்தமிடாதே. உன்னிடம் யாரும் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன்.

அக்கா
லோரெத்

*

முகாம்
19 டிசம்பர் 2010

அக்காவுக்கு,

நலம். நீ சொன்னபடி தாண்டிவிட்டேன். இனியும் தாண்டுவேன்.

கிறிஸ்துமஸுக்கு வரமாட்டேன். பாதிப் பேர் இங்கேயே இருக்கிறார்கள், அவர்களுக்கு யார் சமைப்பது? நள்ளிரவுப் பூசைக்குப் போனால் எனக்கும் சேர்த்து முழங்கால் போடு. ஒரு முழங்காலாவது போடு.

உதட்டில் கொப்புளம் வந்தது. முத்தம் கேட்ட ஒரே ஆள் முகாம் நாய்தான். மறுத்துவிட்டேன்.

தம்பி
ரொசேர்

*

லாக் கனார்
30 ஜனவரி 2011

அன்புத் தம்பி ரொசேருக்கு,

புது வருஷம் உனக்கு நல்லபடி விடிந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே மைனஸ் நாற்பது டிகிரிக் குளிர். காரைக் கிளப்ப அரை மணி நேரம், என்னைக் கிளப்ப ஒரு மணி நேரம்.

என் மகள், உன் மருமகள் மிலேனுக்கு ஏப்ரலில் பிரசவம். நான் ஒட்டாவா போய் ஒரு மாதம் இருக்கப்போகிறேன். பாட்டி ஆகப்போகிறேன், இனி நீ என்னிடம் மரியாதையாகப் பேச வேண்டும்.

இதையும் தாண்டுவாய் என்று தெரியும், ஆனால் எழுதாமல் என் கை கேட்காது. டாக்டர் பரீட்சையில் தேறிவிட்டார். பரீட்சை நடந்த வாட்டர்லூவிலிருந்து திரும்பி வந்து, குல்லாயைக் கழற்றாமல் என் மேசை முன்னால் நின்றார். “என்ன டாக்டர், பெயிலா?” என்றேன். “இல்ல, லோரெத். உங்க பாதிரியார் அங்கி கேள்வியா வந்துச்சு” என்றார்.

அவருடைய பழைய காகிதங்களை ஒதுக்கும்போது ஒரு பெட்டி அகப்பட்டது. வருஷத்துக்கு ஒன்றாக, டொரோண்டோ அமைச்சகத்துக்கு அவர் எழுதிய கடிதங்களின் நகல். எல்லாம் பிப்ரவரித் தேதி. எல்லாம் ஒரே மாதிரி ஆரம்பம்: ‘1989 பிப்ரவரியில் இருபத்தாறு வயது மில் தொழிலாளி ஒருவர் என்னிடம் வந்தார்.’ பேர் எங்கேயும் இல்லை. இருபத்தோரு கடிதம், ரொசேர். நான் பெட்டியை மூடி, எடுத்த இடத்தில் வைத்துவிட்டேன். அவரிடமும் சொல்லவில்லை.

சாப்பிடு, தூங்கு, பதில் போடு.

அக்கா
லோரெத்

*

முகாம்
13 மார்ச் 2011

அக்காவுக்கு,

நலம். பதில் தாமதம்.

வேலை அதிகம். அடுப்புப் புகை வேறு.

அடுத்த கடிதத்தைக் கறுப்பு மையில் எழுது. கொஞ்சம் பெரிதாக எழுது. இங்கே விளக்கு சரியில்லை.

கஸ்தோன் நல்ல மனிதன். கேட்காமலே உதவுகிறான்.

வேறு விசேஷம் இல்லை.

தம்பி
ரொசேர்

*

லாக் கனார்
22 மார்ச் 2011

தம்பி ரொசேர்,

பெரிய எழுத்தில், கறுப்பு மையில் எழுதுகிறேன். நலமா என்று கேட்கப்போவதில்லை, நீ உண்மையைச் சொல்லமாட்டாய்.

அரைப் பக்கக் கடிதத்துக்கு நாலு தாள் செலவு செய்திருக்கிறாய். வரிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. கேலி இல்லை, வசவு இல்லை, நாய் இல்லை. நீ இப்படி எழுதி நான் பார்த்ததே இல்லை. முகாமின் வயர்லெஸ்ஸில் கூப்பிட்டேன். மேஸ்திரி, “சமையல்காரன் நல்லா இருக்கான், சூப்புலதான் உப்பு ரெண்டு தடவ விழுது” என்றார்.

உன்னிடம் கேட்காமல் ஒன்று செய்தேன், திட்டிக்கொள். கடிதத்தை டாக்டரிடம் காட்டினேன். அவர் அதைப் படிக்கவில்லை, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு மூன்று கேள்வி கேட்டார். “இந்தக் குளிர்ல அவருக்கு உதட்டுல கொப்புளம் வந்துச்சா? கண்ணு செவந்துச்சா? செவந்த கண்ணுல யாராவது எதையாவது ஊத்தினாங்களா?” முதலாவதற்கு ஆமாம் என்றேன். மற்ற இரண்டும் எனக்குத் தெரியாது, நீ சொல்லவில்லை.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். எதை ஊற்றிக்கொண்டிருந்தாலும் அந்தப் புட்டியின் மூடி என்ன நிறம் என்று பார். இளஞ்சிவப்பு என்றால் இனி ஒரு சொட்டுக்கூட வேண்டாம். தனக்காகக் காத்திருக்க வேண்டாம், எந்த வைத்தியர் பக்கத்தில் இருக்கிறாரோ அவரிடம் இன்றே உன்னைப் போகச் சொன்னார். “உங்களுக்குத்தான் இப்ப மருந்து எழுத அதிகாரம் வரப்போகுதே” என்றேன். “ஏப்ரல் ஆறாம் தேதிதான். அவருக்கு இருக்கிறது ஒரு கண்ணு, லோரெத். யார் கையால பொழைச்சா என்ன?” என்றார்.

நான் ஏப்ரல் முதல் தேதி ஒட்டாவா போகிறேன். வீட்டுச் சாவி பக்கத்து வீட்டில். ரொசேர், கிழவனுக்கு வீம்பு அழகில்லை, உனக்கு நாற்பத்தெட்டுதான் ஆகிறது, இன்னும் அழகாகாது.

அக்கா

*

லாக் கனார், உன் வீடு
14 ஏப்ரல் 2011

அன்பு அக்காவுக்கு,

நான் நலம் என்று எழுதுவதை நீ நம்பமாட்டாய், அதனால் உன் பூந்தொட்டிகள் நலம் என்று ஆரம்பிக்கிறேன். மிலேன் எப்படி? குழந்தை வந்தாயிற்றா? போனில் பேசியிருக்கலாம்தான். பேசினால் நீ அழுவாய், நான் ஒன்றும் சொல்லமாட்டேன். அதனால் இது. மூன்று நாளாக, சொட்டுக்கும் சொட்டுக்கும் நடுவில் நாலு நாலு வரியாக எழுதியது. எழுத்துப் பெரிதாக இருந்தால் பொறுத்துக்கொள்.

பிப்ரவரிக் கடைசியில் வலது கண் சிவந்தது. மண் விழுந்த மாதிரி உறுத்தல். மேஸ்திரியிடம் சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். ஒற்றைக் கண் சமையல்காரனை வைத்துக்கொள்வார்கள், அந்த ஒன்றும் கெட்டவனை யார் வைத்துக்கொள்வார்கள்? கஸ்தோன் அவன் மனைவியின் கண்புரை ஆபரேஷனில் மிஞ்சிய புட்டியைக் கொண்டுவந்தான். “ஊத்துடா, அவளுக்கு ரெண்டே நாள்ல வெளுத்துருச்சு” என்றான். எனக்கும் வெளுத்தது. அவன் கையை முத்தமிடாத குறை. பத்து நாளில் பனிமூட்டம் மாதிரி வந்தது. இன்னும் ஊற்றினேன். மூட்டம் இன்னும் இறங்கியது. உனக்குக் கடிதம் எழுதியது அப்போதுதான்.

பனி உருகிச் சாலை சேறானதால் லாரி பத்து நாள் பிந்தியது. உன் கடிதம் ஏப்ரல் ஏழாம் தேதி சாயங்காலம் வந்தது. பெரிதாகத்தான் எழுதியிருந்தாய், என்னால் படிக்க முடியவில்லை. கஸ்தோனையே படிக்கச் சொன்னேன். அடுக்களையில் உருளைக்கிழங்கு மூட்டை மேல் உட்கார்ந்து படித்தான். மூடியின் நிறம் வந்த இடத்தில் நிறுத்தினான். அலமாரியிலிருந்து புட்டியை எடுத்து விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“என்னடா நிறம்?” என்றேன்.

“கோட்டப் போடு” என்றான்.

வழி முழுவதும் மிதியை அழுத்தியே ஓட்டினான். கஸ்தோன் அப்படி லாரி ஓட்டி நான் பார்த்தது இல்லை. நடுவில் டீசல் போட நிறுத்தியபோது, என் பையில் இருந்த உன் பழைய கடிதங்களை எடுத்து, நான் தாண்டிய பத்திகளை வாசித்துக் காட்டினான். பாதிரியார் அங்கி எல்லாம் நவம்பரிலேயே எழுதியிருக்கிறாய். அவர் பேர் வந்த இடம் என்று நான் தாண்டிவிட்டேன். என் கண்ணைக் கெடுத்ததில் பாதி அந்தப் புட்டி, பாதி நான். பெட்டியில் இருந்த கடிதங்களைப் பற்றியும் படித்தான். “இருபத்தோரு கடுதாசியாடா?” என்றான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெளியே என்ன இருந்தது என்று கேட்காதே, ஒன்றும் தெரியவில்லை.

எட்டாம் தேதி காலை கிளினிக் வாசலில் அவர் பனி தள்ளிக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் கண்டு மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தார். “வாங்க ரொசேர், படி வழுக்கும்” என்று கையைப் பிடித்தார். இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு அவ்வளவுதான் பேச்சு.

ஒரு தாள் துணுக்கால் கண்ணில் மஞ்சள் சாயம் வைத்து, நீல விளக்கில் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கருவிழி மேல் கிளை கிளையாக ஒரு மரம் மாதிரிப் புண் இருக்கிறதாம், அந்தக் கிருமியின் கையெழுத்தே அதுதானாம். கஸ்தோன் மூலையிலிருந்து, “இருபது வருஷமா காட்டுல மரத்தை வெட்டுனவங்களுக்குச் சோறு போட்டான், மரம் பழி வாங்கிருச்சு” என்றான். டாக்டர் சிரித்தார். அப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது. சாகிறவன் முன்னால் யாரும் சிரிக்கமாட்டார்களே.

அங்கேயே சட்பரி கண் நிபுணருக்குப் போன் போட்டார். பார்த்ததைச் சொன்னார், கொடுக்கப்போவதைச் சொன்னார். “சரியாத்தான் பிடிச்சிருக்கீங்க, ஆரம்பிங்க. ஒரு வாரத்துல அடங்கலன்னா எங்கிட்ட அனுப்புங்க” என்று அந்தப் பக்கம் சொன்னது எனக்கும் கேட்டது.

பிறகு சீட்டு எழுதினார். கஸ்தோன் அதை எடுத்துக்கொண்டு எதிர்சாரி மருந்துக் கடைக்குப் போனான். அஞ்சு நிமிஷத்தில் கடைக்கார ஜாங்ரா அம்மாவே கோட்டுகூடப் போடாமல் சீட்டோடு தெருவைத் தாண்டி வந்தாள்.

“ஏன் டாக்டர், மருந்து பேரு இருக்கு, அளவு இருக்கு, கையெழுத்து இருக்கு, எல்லாம் சரி. அடியில ‘மருத்துவரிடம் காட்டவும்’னு எழுதியிருக்கீங்களே. எந்த மருத்துவர்கிட்ட?”

டாக்டர் சீட்டை வாங்கிப் பார்த்தார். அவர் கை பழக்கத்தில் தானாகவே எழுதியிருக்கிறது. காது வரை சிவந்துபோனார்.

“அது... நான்தான்” என்றார்.

“அப்ப காட்டியாச்சுல்ல? அடிச்சுட்டுக் குடுங்க, எனக்குக் குளிருது” என்றாள் ஜாங்ரா அம்மா.

அந்த வரியை அடித்தார். பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்துப் போட்டார். பேனாவை உடனே மூடவில்லை. முப்பத்திரண்டு வருஷமாக எழுதிய வரி, அக்கா.

மருந்து குளிர்பெட்டியில் வைக்க வேண்டியது. விழித்திருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு சொட்டு. முட்டை வேகவைக்கிற மணியை வைத்துக்கொண்டு ஊற்றுகிறேன். தினமும் சாயங்காலம் வேலை முடிந்து அவரே உன் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போகிறார். ஒரு நாள் பட்டாணி சூப் வைத்துக் கொடுத்தேன். உப்பு ஒரு தடவைதான் போட்டேன்.

அன்றைக்குக் கேட்டுவிட்டேன். “அந்தச் சனிக்கெழம டிராயர்ல இருந்தத ஊத்தியிருந்தா என் கண்ணு பொழைச்சிருக்குமா?”

ஸ்பூனைக் கீழே வைத்தார். “பொழைச்சிருக்கலாம். போயிருக்கவும் செய்யலாம். எனக்குத் தெரியல ரொசேர். இன்னைக்கு வரைக்கும் தெரியல.”

“கஸ்தோன் தெரியாம குடுத்தான். நீங்க தெரிஞ்சும் குடுக்கல.”

“ஆமா.”

அவர் ஏதாவது சமாதானம் சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. கடைசியில் நானே எடுத்துக் கொடுத்தேன். “சட்டம்தானே தடுத்துச்சு?”

“சட்டம் தடுத்துச்சு. டிராயரை மூடினது என் கைதான்” என்றார்.

எத்தனை வருஷமாக அவரிடம் சொல்ல வேண்டும் என்று நான் வைத்திருந்த வசவுகள் இருக்கின்றன தெரியுமா? ஒன்றுக்கும் வேலை இல்லாமல் போயிற்று. இன்னொரு கரண்டி சூப் ஊற்றினேன். குடித்தார்.

யோசித்துப் பார்த்தேன், அக்கா. எனக்கு யாராவது அள்ளிக் கொடுத்துவிட வேண்டும் என்று கோபப்பட்டேன். கஸ்தோன் அள்ளித்தான் கொடுத்தான். டாக்டரோ கண்ணுக்குள் பார்க்கத் தெரிந்தவர். மருந்து கொடுக்கக் கூடாது என்று அவர் கையையும் கஸ்தோன் கையையும் ஒரே கயிற்றால் கட்டி வைத்திருந்தார்கள். இப்போதுதான் ஒரு கையை அவிழ்த்திருக்கிறார்கள். கொஞ்சம் முன்னாலேயே அவிழ்த்திருக்கலாம்.

கண் பிழைக்குமா என்று இன்னும் சொல்லவில்லை. எனக்காகக் கும்பிடு. மணி அடிக்கிறது, சொட்டு ஊற்றப் போகிறேன்.

தம்பி
ரொசேர்

*

ஒட்டாவா
20 ஏப்ரல் 2011

என் தம்பிக்கு,

மிலேன் சுகம். பெண் குழந்தை, மூன்றரைக் கிலோ, பிறந்ததிலிருந்து கத்துகிறது. நம் குடும்பம்தான், சந்தேகம் இல்லை.

உன் கடிதத்தை மிலேன் சத்தமாகப் படித்தாள். நான் அழமாட்டேன் என்று உனக்குக் காட்டுவதற்காகவே உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தேன், ஜாங்ரா அம்மா கோட்டு இல்லாமல் தெருவைத் தாண்டும் வரை. அந்தப் பொம்பளை மழைத் தூறலுக்கே குடை இரண்டு எடுப்பாள்.

உன் மேல் எனக்குள்ள கோபத்தை நேரில் தருகிறேன், தபாலில் கனம் தாங்காது. சொட்டை ஒரு வேளைகூட விடாதே. கண்ணைத் தேய்க்காதே. என் பூந்தொட்டிக்கு நீ தண்ணீர் ஊற்றுகிறேன் என்று கண் மருந்தை ஊற்றிவிடாதே.

டாக்டர் உன்னிடம் சொல்லமாட்டார், நான் சொல்கிறேன். நேற்று இங்கே போன் செய்து மிலேனை விசாரித்தார். பிறகு, “லோரெத், உங்க தம்பி சூப்பு நல்லா வைக்கிறார்” என்றார். அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை. கிளினிக்கில் அவரோடு பத்தொன்பது வருஷம் உட்கார்ந்திருக்கிறேன், ரொசேர். அவர் குரல் உடைந்து நான் கேட்டது நேற்றுத்தான். அது பயத்திலா, சந்தோஷத்திலா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. நீ சொல். கண் எப்படி? உள்ளது உள்ளபடி எழுது.

அக்கா
லோரெத்

*

லாக் கனார்
2 மே 2011

அன்பு அக்காவுக்கும், மிலேனுக்கும், கத்துகிற பேத்திக்கும்,

எழுத்து சிறியதாகிவிட்டது, பார்த்தாயா? பழைய அளவுக்கு வந்துவிட்டேன். இனி நீ கண்ணாடி போட்டுக்கொண்டு படி.

மரம் போய்விட்டது. இன்றைக்கு நீல விளக்கில் பார்த்துவிட்டு, “காடு காலி” என்றார். ஓரத்தில் மெல்லிய தழும்பு ஒன்று இருக்கும், அது போகாது. அந்தக் கிருமியும் உடம்பை விட்டுப் போகாதாம், உள்ளே படுத்துத் தூங்குமாம். மறுபடி சிவந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்காமல் வர வேண்டும். சட்பரி போகத் தேவைப்படவில்லை.

எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார். மேலிருந்து ஐந்து வரி தடுக்காமல் போனேன். ஆறாவது வரியில் ஓர் எழுத்தைத் தப்பாகச் சொன்னேன், சொல்லும்போதே தெரிந்தது. அவர் சரி என்று குறித்துக்கொண்டார். பேனா போன பக்கத்தை நான் பார்த்துவிட்டேன்.

“டாக்டர், அது தப்பு. தப்புன்னே எழுதுங்க” என்றேன்.

அடித்துவிட்டு உள்ளதை எழுதினார்.

பிறகு கருவியை ஒதுக்கிவைத்தார். “ரொசேர், நீங்க அனுமதிச்சா, இடது பக்கத்தையும் பாக்கணும்” என்றார். அந்த இடத்தை நம் அம்மாவுக்குக்கூட நான் காட்டியது இல்லை. செயற்கைக் கண்ணைக் கழற்றி அவர் கையில் வைத்தேன். விளக்கை இழுத்து உள்ளே பார்த்தார். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் பார்த்த அதே இடம். முகத்தைத் திருப்பவில்லை. “சுத்தமா வச்சிருக்கீங்க” என்றார். அப்புறம் அந்தக் கண்ணை வெதுவெதுப்பான தண்ணீரில் அவரே கழுவி, மென்துணியில் துடைத்து, கண்ணாடி முன்னால் என்னை உட்காரவைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

நான் அதைப் போட்டுக்கொள்ளும்போது அவர் என் பின்னால் நின்றார். கண்ணாடியில் அவரைப் பார்த்தேன். நன்றாகத் தெரிந்தார்.

லாரி நாளைக் காலை கிளம்புகிறது, முகாமுக்குப் போகிறேன். குழந்தைக்கு என் முத்தத்தை இப்போது கொடுக்காதே, அந்தக் கிருமி அடங்க டாக்டர் சொன்ன காலம் கழியட்டும்.

தம்பி
ரொசேர்